புதுப் பேட்டரி போட்டவர்கள் அனுபவம்: 31 சதவீதத்தில் அணைந்த திரை

சாளரம் எழுதியது:

லேப்டாப்பின் பழைய பேட்டரி நாற்பது நிமிடம்கூடத் தாங்காமல் போனதால் போன மாதம் புதிது வாங்கி மாட்டினேன். விற்றவர் இரண்டு விஷயம் சொன்னார். முதல் முறை பன்னிரண்டு மணி நேரம் விடாமல் சார்ஜ் போட வேண்டும். அப்புறம் மூன்று முறை பூஜ்ஜியம் வரை இறக்கி முழுதாக ஏற்ற வேண்டும். அப்போதுதான் பேட்டரி பழகும். நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கும் அதே வாக்கியம்தான். நம்பினேன்.

பன்னிரண்டு மணி நேரம் போட்டாயிற்று. இறக்கி ஏற்றுவதுதான் ஒழுங்காக நடக்கவில்லை. இரண்டு முறையும் பாதிகூட இறங்குவதற்குள் ஏதோ ஓர் அவசரம் வந்து சார்ஜரைச் செருகிவிட்டேன். மூன்றாவது முறையாவது முழுதாக இறக்கிவிட வேண்டும் என்று சார்ஜரை வேண்டுமென்றே அடுத்த அறையில் வைத்தேன். அன்றைக்குத்தான் நேர்காணல், காணொளியில்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று பேர் எதிரே. ஓரக்கண்ணால் பார்த்தேன், 31 சதவீதம். இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். நடுவில் இருந்தவர் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த கேள்வி ஒன்று இருந்தது. வாயைத் திறந்தேன், திரை போய்விட்டது. எச்சரிக்கை வரவில்லை, வெளிச்சம் மங்கவில்லை. உள்ளே விசிறி மட்டும் இரண்டு விநாடி சுற்றி நின்றது. கறுத்த கண்ணாடியில் வாய் திறந்தபடி என் முகம். அந்த முகம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

சார்ஜரை எடுத்து வந்து செருகி, லேப்டாப் எழுந்து வர நாலு நிமிடம். அதற்குள் அவர்கள் போய்விட்டார்கள். விற்றவரிடம் கேட்டால், "மூன்று சுற்றையும் முடிக்காமல் விட்டீர்கள், பேட்டரி பழகவில்லை, நீங்கள்தான் கெடுத்துக்கொண்டீர்கள்" என்கிறார். நான்தான் கெடுத்தேனா? இது தெரியாமல் மனசு ஆறவில்லை. இப்படி நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நீலக்கோடு எழுதியது:

எனக்கு 18-இல் நடந்தது. ஆறு பக்கம் எழுதி, சேமிக்கும் பொத்தானில் விரல் வைக்கப் போன நேரம். ஒரு முறை நடுவில் செருகாமல் முழுதாக இறக்கி ஏற்றினேன், சரியாகிவிட்டது. அதற்கப்புறம் 4 வரை போகிறது. ஏன் சரியானது என்று தெரியாது. அந்த ஆறு பக்கத்தைத் திரும்ப எழுதியபோது முதல் முறை வந்த மாதிரி வரவில்லை, அதுதான் வருத்தம்.

ஊஞ்சல்பலகை எழுதியது:

நான் சொல்வது புதுப் பேட்டரி பற்றி அல்ல, எதனால் புதிது போட வேண்டி வந்தது என்பதைப் பற்றி.

டச்பேடை அழுத்தினால் சொடுக்கு விழவில்லை. தூசி இருக்கும் என்று ஊதிப் பார்த்தேன். ஒரு வாரம் வெளி மவுஸை வைத்து ஓட்டினேன். அப்புறம் லேப்டாப்பை மேஜையில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்யும்போது ஆடியது. மேஜைதான் கோணல் என்று அடியில் காகிதம் மடித்து வைத்தேன். மூடியை மூடினால் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. இவ்வளவு பார்த்தும் எனக்குப் புரியவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

ஒரு நாள் அடி மூடியைக் கழற்றினேன். கடைசித் திருகு விட்டதும் மூடி தானாக மேலே எழும்பியது. உள்ளே மூன்று செல்லில் நடுவில் இருந்தது தலையணை போல உப்பியிருந்தது. அப்போது நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்: கட்டைவிரலால் அதை அழுத்தினேன். மெத்தென்று உள்ளே போய், விரலை எடுத்ததும் மெதுவாக மேலே வந்தது. உள்ளே காற்று இருப்பது தோலுக்கே தெரிந்தது. லேசாக ஒரு இனிப்பு வாசனை, நகப்பூச்சு மாதிரி. அந்த லேப்டாப்பை இரண்டு வாரமாக என் மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். புதுப் பேட்டரி வந்து ஐந்து மாதமாயிற்று, நன்றாக ஓடுகிறது. இருந்தாலும் ராத்திரி எழுந்து அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்காமல் தூங்குவதில்லை.

மின்னோட்டம் எழுதியது:

என் கதை சின்னது. புதுப் பேட்டரியை மாட்டிய அன்றைக்கே லேப்டாப்பை மெத்தைமேல் வைத்துப் பெரிய காணொளி ஒன்றைத் தொகுத்தேன். அடிப்பக்கத் துளைகள் அடைந்து, கை வைக்க முடியாத சூடு. அப்படியே முழு சார்ஜில் தினமும் ஓட்டினேன். எட்டே மாதத்தில் கொள்ளளவு நாலில் ஒரு பங்கு போயிற்று. அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாளரம் நண்பரே, முதலில் உங்களுக்கு. பேட்டரியைப் பழக்குவது என்ற ஒன்று இன்றைய லேப்டாப்புகளில் இருக்கும் லித்தியம் அயன் வகையில் கிடையாது. அந்தப் பழக்கம் வேறொரு பேட்டரியிலிருந்து வந்தது. நிக்கல் காட்மியம் பேட்டரிகளை முதல் முறை குறைந்த மின்னோட்டத்தில் 14 முதல் 16 மணி நேரம் ஏற்றச் சொன்னார்கள், அவ்வப்போது முழுதாக இறக்கவும் சொன்னார்கள். அந்த வேதியலுக்கு அது சரி. சோனி முதல் லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1991-இல். இதற்கு வழி வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் 2019-இல் வேதியல் நோபலே கொடுத்தாயிற்று. நம் வாயில் மட்டும் இன்னும் காட்மியம் காலத்து விதி ஓடிக்கொண்டிருக்கிறது.

லித்தியம் செல்லைப் பழக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். முதல் சில சார்ஜை அங்கேயே மிக மெதுவாக ஏற்றுவார்கள். அப்போது செல்லின் எதிர் முனையான எதிர்மின்வாயின் மேல் மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. செல்லின் ஆயுளே அந்தப் படலத்தின் கையில்தான் இருக்கிறது. அது இல்லாத செல் வெளியே வருவதே இல்லை. புதுப் பேட்டரி பெட்டியைத் திறந்ததும் 30-ஐ ஒட்டிக் காட்டினால் பயப்படாதீர்கள். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளை 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றி விமானச் சரக்கில் அனுப்பக் கூடாது என்று 2016 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. பயணிகள் விமானத்தின் சரக்கறையில் அப்படி ஏற்றவே கூடாது. அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, அறை வெப்பத்துக்கு வரும்வரை கொஞ்ச நேரம் வைத்திருந்து, மாட்டி, சாதாரணமாக ஏற்றுவது மட்டும்தான். பன்னிரண்டு மணி நேரம் போட்டதில் கெடுதல் பெரிதாக இல்லை, செல் அதன் உச்ச வோல்ட்டை (வழக்கமாக 4.2) எட்டியதும் சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடும். மிச்ச நேரமெல்லாம் பேட்டரி முழு சார்ஜில் சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

பழக வேண்டியது ஒன்று உண்டு, அது செல் அல்ல. பேட்டரிக்குள் ஒரு சின்ன போர்டும் அதில் கணக்கு வைக்கும் சில்லு ஒன்றும் இருக்கின்றன. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். நீங்கள் திரையில் பார்க்கும் சதவீதம் அதன் கணக்கு. ஆனால் தொட்டியின் மொத்த அளவு எவ்வளவு என்பதை, மேல் விளிம்பிலிருந்து அடி வரை ஒரே மூச்சில் ஒரு முறை இறங்கிப் பார்த்தால்தான் இப்படிப்பட்ட சில்லுகள் பலவற்றால் சரியாகத் தெரிந்துகொள்ள முடியும். நடுவில் நீங்கள் சார்ஜரைச் செருகினால் அந்த அளவெடுப்பு பாழ். அதுவரை தொழிற்சாலையில் எழுதி வைத்த எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும். நீலக்கோடு சொன்ன "சரியாகிவிட்டது" இதுதான். பேட்டரியில் ஒன்றும் மாறவில்லை, கணக்கு மட்டும் நேரானது.

எனவே ஒரு முறை இதைச் செய்யுங்கள். 100 வரை ஏற்றி, ஒரு மணி நேரம் செருகியபடியே விடுங்கள். பிறகு சார்ஜரை எடுத்துவிட்டு பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் அப்படியே வைத்துவிடுங்கள். விண்டோஸ் நடுவில் தூங்கப் போகாது, பளுவும் சீராக இருக்கும். தானாக அணைந்ததும் ஒன்றிரண்டு மணி நேரம் ஆறவிட்டு, இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். இது இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். வாராவாரம் செய்தால் செல்லுக்குத்தான் தேய்மானம். அதற்கு முன்னும் பின்னும் பேட்டரி ரிப்போர்ட் (பேட்டரி பற்றி விண்டோஸே எழுதித் தரும் அறிக்கை) எடுத்து வையுங்கள். விண்டோஸ் 8 முதல் அதற்கான கட்டளை (powercfg /batteryreport) உள்ளேயே இருக்கிறது. டிசைன் கெப்பாசிட்டி (தயாரித்தபோது குறித்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது முழுதாக ஏற்றினால் பிடிக்கும் அளவு) என்று இரண்டு வரி வரும். அந்த இரண்டு வரியில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது, விற்றவர் வாயில் இல்லை.

ஊஞ்சல்பலகை, உங்களைக் கடிந்துகொள்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் உப்பிய செல்லை விரலால் அழுத்தியது பெரிய தவறு. உள்ளே நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் காகிதத்தைவிட மெல்லிய பிரிப்பான் ஒன்றால்தான் விலகி நிற்கின்றன. அது கிழிந்து இரண்டும் தொட்டால் தீ. நீங்கள் முகர்ந்த வாசனை, செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் கசிந்தது. அந்த நிலையில் உடனே சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, எரியக்கூடிய பொருள் இல்லாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். குத்துவது, மடிப்பது, வீட்டுக் குப்பையில் போடுவது எதுவும் கூடாது. மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஊஞ்சல்பலகை எழுதியது:

தெரியாமல் செய்தேன் என்பதைத்தான் எழுதினேன். தவறு என்று தெரிந்ததால்தான் எழுதினேன். குழந்தை பக்கத்தில் இருந்தாள் என்று சொன்ன பிறகும் பாடம் எடுக்க வேண்டுமா?

பழையரேடியோ எழுதியது:

மின்னோட்டம் எழுதியதைப் படித்தேன். புத்தகம் சரியாக இருக்கலாம், அனுபவம் என்று ஒன்று இருக்கிறது. என் முதல் லேப்டாப்பை ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் முழுதாக இறக்கி ஏற்றுவேன். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். திரையின் வெளிச்சம் ஒரு படி குறையும், அப்புறம் இன்னொரு படி, கடைசியில் அந்த ஆரஞ்சு விளக்கு மட்டும் சிமிட்டும். அது நின்றதும் செருகுவேன். அந்தப் பேட்டரி ஏழு வருடம் என்னை ஏமாற்றவில்லை. பொருளை அக்கறையோடு வைத்துக்கொண்டால் அதுவும் நமக்கு உழைக்கும் என்று நம்புகிறவன் நான். "பழக்குவதே கிடையாது" என்று ஒரே வெட்டாக வெட்டுவது சரியல்ல.

நிக்கல் வகையா லித்தியமா என்று கேட்பீர்கள். நிக்கல்தான், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. கனமாக இருக்கும், கையில் எடுத்தாலே தெரியும்.

எழுதி வந்தபோதுதான் இன்னொன்று மனதில் தட்டுகிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதாக வாங்கிய லேப்டாப்பில் இருந்தது லித்தியம். அதையும் அதே அக்கறையோடு வாராவாரம் விளக்கை அணைத்து உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை இறக்கினேன். ஒன்றரை வருடத்தில் போய்விட்டது. விற்றவர்மேல்தான் கோபப்பட்டேன்.

மழைக்குறிப்பு எழுதியது:

அப்பாவின் லேப்டாப்புக்கு ஒரு பேட்டரி வாங்கினேன். அவர், "இப்போது இருப்பது ஓடுகிறதே, இது இருக்கட்டும், புதிதைப் பிரிக்காதே, பின்னால் உதவும்" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டார். பெட்டியின் மேல் வாங்கிய தேதியைத் தன் கையால் எழுதினார். எதையும் தேதி போட்டு வைப்பது அவர் வழக்கம்.

இரண்டு வருடம் கழித்து, அவர் இல்லாமல் போன பிறகு, அவர் எழுதி வைத்ததையெல்லாம் படிக்க வேண்டும் என்று அந்த லேப்டாப்பை எடுத்தேன். பழைய பேட்டரி முழுதாகப் போயிருந்தது. பெட்டியைப் பிரித்தேன். கனெக்டர் முனையில் ஒட்டியிருந்த மஞ்சள் பட்டைகூட எடுக்கப்படவில்லை. உரித்தேன், மாட்டினேன், சார்ஜரைச் செருகினேன். விளக்கு எரியவே இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறைகூடப் பயன்படுத்தாத பேட்டரி. ஒரு நாள்கூட வேலை செய்யாமல் பெட்டிக்குள்ளேயே செத்திருக்கிறது.

சார்ஜரில் நேரடியாக ஓட்டி அப்பா எழுதியதைப் படித்துவிட்டேன், அதில் குறையில்லை. ஆனால் அவர் பத்திரமாக வைத்தது என்பதால் அந்தப் பேட்டரியை இன்னும் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஏன் அப்படி ஆனது என்று யாராவது சொன்னால் நல்லது.

இரண்டாம்பிரதி எழுதியது:

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள், நாள் முழுக்கச் சார்ஜரில்தான் லேப்டாப் இருக்கும். புதுப் பேட்டரி போட்ட முதல் இரவு 80-ஐத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது. "செருகப்பட்டுள்ளது, ஏறவில்லை" என்று எழுதியிருந்தது. மூன்று முறை மூடியைக் கழற்றி கனெக்டரைப் பிடுங்கிச் செருகினேன். நகம் பெயர்ந்தது. விடிந்தால் ஒப்படைக்க வேண்டிய வேலை வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு, திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டியை ஒட்டி முகவரியும் எழுதிவிட்டேன்.

காலையில்தான் ஞாபகம் வந்தது. போன வருடம் நானேதான் சார்ஜ் ஏறும் உச்ச வரம்பை 80 என்று வைத்தேன். அது பேட்டரியில் இல்லாமல் லேப்டாப்பிலேயே பதிந்திருந்திருக்கிறது. வரம்பை எடுத்ததும் 100-க்குப் போனது. நல்ல பொருளைக் கெட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்ப இருந்தேனே என்று இன்றும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

என் மாதிரி எப்போதும் செருகி வைக்கிறவர்களுக்கு 80 வரம்பு நல்லது, அது என் அனுபவம். பழைய பேட்டரி எப்போதும் 100-இல் இருந்து பதினான்கு மாதத்தில் உட்கார்ந்துவிட்டது. இப்போது இருப்பதற்கு இரண்டு வருடம், இன்னும் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. ஆனால் வெளியூர் போகும் அன்றைக்கு முதல் நாளே வரம்பை எடுத்து முழுதாக ஏற்றிக்கொள்வேன். பேட்டரிக்காக நாம் இல்லை.

திருகாணி எழுதியது:

யாரும் சொல்லாத ஒன்று: திருகுகள். என் லேப்டாப்பின் அடியில் பதினொன்று, அதில் இரண்டு மட்டும் நீளம். எல்லாவற்றையும் ஒரே மூடியில் கொட்டி வைத்தேன். திரும்ப மாட்டும்போது டச்பேட் பக்கம் மாட்டிய நீளத் திருகு ஒன்று கடைசி அரைச் சுற்றில் சற்று இறுகியது. இன்னும் கொஞ்சம் திருப்பியிருந்தால் போய்விடும்தான், கை திருப்பப் பார்த்தது. என்னவோ தோன்றி நிறுத்திக் கழற்றினேன். புதுப் பேட்டரியின் வெள்ளித் தாள் உறையில் கடுகளவு ஒரு குழி. ஓட்டை விழவில்லை, குழி மட்டும். அந்த அரைச் சுற்றை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வேர்க்கிறது.

அந்தப் பேட்டரியை நான் பயன்படுத்தவில்லை. இப்போதெல்லாம் காகிதத்தில் லேப்டாப்பின் படம் வரைந்து, எந்தத் திருகு எந்த இடம் என்று அங்கங்கே குத்தி வைத்துவிடுகிறேன். பயாஸில் உள் பேட்டரியை அணைக்கும் வசதி இருந்தால் அதைச் செய்துவிட்டுத்தான் மூடியையே தொடுகிறேன். கனெக்டரை நெம்ப பிளாஸ்டிக் மட்டும்.

மின்னோட்டம் எழுதியது:

ஊஞ்சல்பலகை, மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்துப் பயந்துபோய் எழுதினேன், அது அதட்டலாகிவிட்டது. மகள் நலமாக இருப்பது பெரிய விஷயம்.

பழையரேடியோ ஐயா, உங்கள் முதல் பேட்டரிக்கு நீங்கள் செய்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். நிக்கல் வகையை அவ்வப்போது முழுதாக இறக்கச் சொன்னார்கள்தான். இரண்டாவதற்கு அதே அக்கறை வேறு விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. லித்தியம் செல்லுக்குப் பாதியிலேயே ஏற்றுவதுதான் பிடிக்கும். 70-லிருந்து 40-க்கு இறங்கி மீண்டும் ஏற்றினால் ஒரு சுற்று என்று கணக்காகாது. மொத்தமாக 100 சதவீதம் செலவானால்தான் ஒரு சுற்று. முழுதாக இறக்கி ஏற்றும் பழக்கத்தில் சாதாரணமாக 300 முதல் 500 சுற்றில் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை.

மழைக்குறிப்பு, உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. பெட்டியில் வரும்போதே பேட்டரி 30-ஐ ஒட்டித்தான் இருந்திருக்கும். சும்மா வைத்தாலும் மாதம் ஓரிரு சதவீதம் தானாகக் குறையும். உள்ளே இருக்கும் போர்டு விழித்திருக்க அதுவும் துளித்துளியாகக் குடிக்கும். இரண்டு வருடத்தில் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருக்கும். அதைவிடவும் ஆழமாக இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். திரும்ப ஏற்றினால் கரைந்த செம்பு படிந்து உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஆகலாம். அதனால் போர்டு தானே கதவைப் பூட்டிவிடும், ஏற்ற விடாது. எதையாவது செய்து அதை எழுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். எடுத்து வைக்க வேண்டிய பேட்டரியைப் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வைத்து, சில மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். பெட்டியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மட்டும் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம்பிரதி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சூடும் முழு சார்ஜும் சேர்ந்து இருப்பதுதான் இந்த வேதியலுக்கு ஆகாது. இரண்டில் ஒன்றைக் குறைத்தாலே போதும்.

மழைக்குறிப்பு எழுதியது:

பெட்டியை வைத்துக்கொள்கிறேன். அப்பா எழுதிய தேதி பெட்டியில்தானே இருக்கிறது. நன்றி.

சாளரம் எழுதியது:

மின்னோட்டம் சொன்னபடி செய்தேன். ஒன்பது நாள் ஆகிவிட்டது பதில் எழுத, காரணம் கீழே.

முதலில் எதையும் தொடாமல் ரிப்போர்ட் எடுத்தேன். டிசைன் கெப்பாசிட்டி 47,880 மில்லிவாட் மணி. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியும் 47,880. ஒரு எண்கூட மாறாமல் அப்படியே. முதலில் மகிழ்ச்சியாக இருந்தது, பேட்டரி புத்தம் புதிதாக இருக்கிறது என்று. அப்புறம்தான் உறைத்தது: இது அளந்து சொன்ன எண் அல்ல, எழுதி வைத்த எண்.

100 வரை ஏற்றி, ஒரு மணி நேரம் செருகியபடி விட்டு, பயாஸ் திரையைத் திறந்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அணைந்தது. ஆறவிட்டு நிறுத்தாமல் ஏற்றினேன். திரும்ப ரிப்போர்ட். டிசைன் கெப்பாசிட்டி 47,880. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 33,060.

அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 47,880-இலிருந்து 33,060-ஐக் கழித்தால் 14,820. அது 47,880-இல் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டேன். 30.95.

31. அந்த அன்றைக்கு ஓரக்கண்ணால் பார்த்த அதே 31. தொட்டியில் இருந்ததே 33,060 தான். அது முழுதாகத் தீர்ந்த நொடியில், தன் தொட்டி 47,880 என்று நம்பிக்கொண்டிருந்த சில்லு இன்னும் 14,820 மிச்சம் இருப்பதாகக் காட்டியிருக்கிறது. அதனால்தான் எச்சரிக்கை வரவில்லை. சில்லுக்கே தெரியாது. நான் நடுவில் செருகியதால் கணக்கு நேராகவில்லை, அது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு இல்லாமல் போனதற்கும் நான் செருகியதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டே வாரத்தில் யாராலும் ஒரு நல்ல பேட்டரியை 69 சதவீதத்துக்குக் கொண்டுவர முடியாது. வரும்போதே அப்படித்தான் வந்திருக்கிறது. மூடியைத் திறந்து லேபிளைப் பார்த்தேன், தயாரித்த தேதி என்று எதுவும் அச்சிடப்படவில்லை.

இரண்டு ரிப்போர்ட்டையும் விற்றவருக்கு அனுப்பினேன். பழக்கம் பற்றி ஒன்றும் பேசாமல் மாற்றிக் கொடுத்துவிட்டார். புதிதாக வந்தது பெட்டியில் 28 காட்டியது. திருகாணி சொன்னபடி காகிதத்தில் படம் வரைந்து திருகுகளைக் குத்தி வைத்துத்தான் மாட்டினேன். சாதாரணமாக ஏற்றினேன், பன்னிரண்டு மணி நேரமெல்லாம் இல்லை. ஒரே ஒரு முறை மேலிருந்து அடி வரை. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 46,970 என்று நின்றது. 80 வரம்பு வைத்திருக்கிறேன்.

நேர்காணல் எடுத்தவர்களுக்கு அன்று நடந்ததை எழுதி, கேட்க நினைத்த கேள்வியையும் கடைசியில் சேர்த்து அனுப்பினேன். நேற்று பதில் வந்தது. அடுத்த வாரம் இன்னொரு முறை பேசலாம் என்றிருக்கிறார்கள்.